இரண்டு தெருக்களுக்கு அப்பால்





2023ஆம் ஆண்டு டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. மக்ரிப் தொழுகை முடிந்து, சென்னையிலிருந்து காயல்பட்டினத்திலுள்ள உம்மாவுக்குத் தொலைபேசியில் பேசினேன். "மழை விடவே இல்ல வாப்பா. முற்றத்துல கணுக்கால் அளவு தண்ணி நிக்குது" என்றார்கள். கவனமாக இருக்குமாறு சொல்லிவிட்டு வைத்தேன். அதுதான் கடைசிப் பேச்சு. அன்று இரவு பத்து மணிக்குப் பிறகு உம்மாவின் எண்ணும், லாத்தாவின் எண்ணும், மச்சானின் எண்ணும் ஒருசேர மௌனமாயின.

மறுநாள் காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் எங்கள் ஊரில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாகியிருந்தது. சாதாரணச் சாப்பாட்டு மேசையின் உயரத்தைவிட அதிகம். தாமிரபரணி கரை மீறியது, சாலைகள் அறுந்தன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, பயணிகள் நூற்றுக்கணக்கில் அங்கேயே சிக்கிக் கிடந்தனர். மின்சாரம் போய்விட்டால் கைபேசிக் கோபுரங்கள் மின்கலத்தில் சில மணி நேரம் தாக்குப்பிடிக்கும். அதன்பின் டீசல் கொண்டுவர வண்டி வேண்டும். வண்டி வரச் சாலை வேண்டும். எதுவும் இல்லை.

திங்கள் முழுவதும் தொலைபேசியைக் கையிலேயே வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அஸருக்குப் பின், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. எங்கோ சிக்னல் கிடைத்த ஓர் உயரமான இடத்தில் நின்று, ஊர்க்காரர்கள் கொடுத்தனுப்பிய எண்களுக்கெல்லாம் ஓர் இளைஞர் பேசிக்கொண்டிருந்தார். "உம்மா சுகம்" என்றார். அடுத்த எண்ணை அழைக்க வேண்டுமென்று உடனே வைத்துவிட்டார். அல்ஹம்துலில்லாஹ். அந்த இரண்டு சொற்களுக்காக இரண்டு நாட்கள் காத்திருந்திருக்கிறேன்.

நான் கணக்கு எழுதும் வேலையில் இருப்பவன். மின்னணுவியல் படித்தவன் அல்லன். ஆனாலும் அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை: கோபுரமும் இணையமும் இல்லாதபோது இரண்டு சொற்களை மட்டுமாவது கொண்டுசெல்ல வழி இல்லையா?

வழி இருந்தது. லோரா என்றொரு வானொலி முறை. பிரான்சின் கிரெனோபிள் நகரிலிருந்த ஒரு சிறு நிறுவனம் உருவாக்கியது. 2012இல் செம்டெக் என்னும் அமெரிக்க நிறுவனம் அதனை வாங்கியது. ஒரு சீழ்க்கை ஒலி தாழ்விலிருந்து உச்சிக்கு ஏறுவது போல, இதன் அலை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சறுக்கிச் செல்லும். அந்தச் சறுக்கலின் வடிவத்தைத் தெரிந்து வைத்திருக்கும் கருவி, இரைச்சலில் மூழ்கிப்போன அலையையும் அடையாளம் கண்டுகொள்ளும். அதனால் மிகக் குறைந்த சக்தியே போதும். நான் வாங்கிய பலகை அதிகபட்சமாக வெளியிடுவது ஒரு வாட்டில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் வேகம் மிகக் குறைவு. குரல் போகாது, படம் போகாது, குறுஞ்செய்தி மட்டுமே போகும்.

இத்தகைய பலகைகளை ஒன்றோடொன்று பேச வைக்க 2020இல் தொடங்கப்பட்ட மெஷ்டாஸ்டிக் என்னும் கட்டற்ற மென்பொருள் இருக்கிறது. ஒரு பெட்டி அனுப்பும் செய்தியை மற்றொரு பெட்டி கேட்டுத் திரும்ப ஒலிபரப்பும். அதனை மூன்றாவது பெட்டி எடுத்துக்கொள்ளும். மீன் வலையின் கண்ணிகளைப் போல. தலைமை நிலையம் என்று எதுவும் இல்லை. இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில், ஒரு வாட்டுக்கு மிகாத குறைந்த சக்திக் கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை என 2005இலேயே அறிவிக்கப்பட்டிருக்கிறது. மென்பொருளில் நாட்டை 'இந்தியா' எனத் தேர்ந்தெடுத்தால் அந்த எல்லைக்குள்ளேயே இயங்கும்.

பெட்டியுடன் வந்த ஆன்டெனா சுண்டுவிரல் அளவே இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊரில் சோதித்தபோது நான்கைந்து வீடுகளைத் தாண்டவில்லை. நாமே ஒன்று செய்வோம் என்று லாத்தாவின் மகனும் நானும் முடிவு செய்தோம். அவன் அப்போது பதினொன்றாம் வகுப்பு. அளவைக் கண்டுபிடிக்கும் கணக்கை அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒளியும் வானொலி அலையும் ஒரு வினாடியில் 30 கோடி மீட்டர் செல்கின்றன. 866 மெகாஹெர்ட்ஸ் என்றால் ஒரு வினாடியில் 86.6 கோடி அதிர்வுகள். முன்னதைப் பின்னதால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் 34.6 சென்டிமீட்டர். அதில் கால் பங்கு 8.65. கம்பியில் அலை சற்றுச் சுருங்கி நிற்பதால் ஏறத்தாழ ஐந்து விழுக்காடு குறைத்தால் 8.2 சென்டிமீட்டர்.

மோட்டாருக்குக் காயில் கட்டுபவரிடம் 2 மில்லிமீட்டர் செம்புக் கம்பி வாங்கினோம். அதன்மேல் மின்காப்புப் பூச்சு இருக்கும். ஈயம் ஒட்ட வேண்டிய இடங்களில் பிளேடால் சுரண்டி எடுக்க வேண்டும். சதுர வடிவில், நான்கு மூலைகளிலும் திருகுத் துளை உள்ள இணைப்பான் ஒன்று. அதன் நடு ஊசியில் நிமிர்ந்த கம்பி. நான்கு துளைகளிலும் ஒன்பது சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான நான்கு கம்பிகள், குடைக்கம்பி போல் 45 பாகை கீழ்நோக்கி வளைந்தவை. அந்த வளைவு அழகுக்காக அன்று. நான்கையும் தட்டையாக விட்டால் ஆன்டெனாவின் மின்மறிப்பு ஏறத்தாழ 36 ஓம். கீழே வளைத்தால் 50ஐ நெருங்கும். பலகை எதிர்பார்ப்பது 50. மொத்தச் செலவு ஒரு வேளை பிரியாணிக்கு ஆகும் தொகைதான்.

முதல் ஆன்டெனா பிழையானது. கணக்குப் போட்ட பிறகும், இணையத்தில் கிடைத்த ஒரு வரைபடத்தின் மேல் நம்பிக்கை வைத்து அதன் அளவுக்கே வெட்டினேன். அது 915 மெகாஹெர்ட்ஸ் பயன்படுத்தும் அமெரிக்காவுக்கான வரைபடம். அளவுக்கருவி ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்திப் பார்த்தபோது, நம் அலைவரிசையில் நிலையலை விகிதம் 2 எனக் காட்டியது. அனுப்பும் சக்தியில் ஒன்பதில் ஒரு பங்கு ஏறாமல் திரும்பி வருகிறது என்று பொருள். கம்பியை வெட்டிவிட்டால் ஒட்ட முடியாது. ஆகவே இரண்டாவது கம்பியைச் சற்று நீளமாக விட்டு, ஒவ்வொரு மில்லிமீட்டராக நறுக்கி, ஒவ்வொரு நறுக்குக்கும் அளந்து பார்த்தோம். 1.2 வந்தபோது மருமகன் அறையிலேயே துள்ளிக் குதித்தான்.

ஆனால் பெரிய பிழை வேறிடத்தில் இருந்தது. ஆன்டெனாவை மொட்டை மாடியில் கட்டி, பெட்டியைக் கீழே கூடத்தில் வைத்து, இரண்டுக்கும் நடுவே 12 மீட்டர் மெல்லிய கேபிள் இழுத்திருந்தேன். இந்த அலைவரிசையில் அத்தகைய கேபிள் மீட்டருக்கு அரை டெசிபெல் அளவு தின்றுவிடும். 12 மீட்டர் கடந்து ஆன்டெனாவைச் சென்றடைவது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். ஒன்பதில் ஒரு பங்கு போகிறதே என்று ஒரு வாரம் வருந்திய நான், நான்கில் மூன்று பங்கு கேபிளுக்குள் வெப்பமாகிப் போவதைக் கவனிக்கவில்லை. தீர்வு எளிது: பெட்டியையே மாடிக்கு ஏற்றினோம். தண்ணீர் புகாத டப்பா, ஒரு லித்தியம் மின்கலம், உள்ளங்கை அளவு சூரியத் தகடு, ஆன்டெனாவுக்கு விரல் நீளக் கேபிள். வீட்டுக்குள் ஒரு சிறிய இரண்டாவது பெட்டி. அது மாடிப் பெட்டியிடம் பேசும், மாடிப் பெட்டி ஊரிடம் பேசும். மாடியிலிருந்து வீட்டுக்குள் ஒயர் வராததால் இடி மின்னல் பயமும் குறைந்தது.

அன்று மாலை மருமகன் கையில் ஒரு பெட்டியுடன் கடற்கரைக்கு நடந்தான். வழியெல்லாம் செய்தி வந்துகொண்டே இருந்தது. கடற்கரை மணலில் நின்று அவன் அனுப்பிய சலாம், உம்மாவின் கட்டிலருகே இருந்த பெட்டியில் எழுத்தாகத் தோன்றியது.

இரவு உணவின்போது அவன் ஒரு கேள்வி கேட்டான். "மாமா, இது ஊருக்குள்ளதான் போகும். சென்னைக்கு வராது. அப்படி ஒரு மழை திரும்ப வந்தா உங்களுக்கு எப்படித் தெரியும்?"

என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாட்கள் தவித்தவன் நான். என் தவிப்பைத் தீர்க்கவே இதைத் தொடங்கினேன். ஆனால் 600 கிலோமீட்டருக்கு அப்பாலிருக்கும் என்னிடம் இது வந்து சேராது. வெள்ளத்துக்கு வெளியே, இணையம் உள்ள ஓரிடம் வரை பெட்டிகள் தொடர்ச்சியாக இருந்தால் முடியும். அப்படி ஒரு தொடர்ச்சி அமைக்க எங்களிடம் ஆட்களும் இல்லை, இடமும் இல்லை. செய்த வேலையெல்லாம் வீண்தானோ என்று தோன்றியது.

அப்போதுதான் உம்மா, அதுவரை என்னிடம் சொல்லாத ஒன்றைச் சொன்னார்கள். அந்தத் திங்கட்கிழமை காலை அவர்களுடைய இன்சுலின் தீர்ந்துபோயிருந்தது. மருந்துக்கடைகள் தண்ணீருக்குள். தெருவில் இடுப்பளவு வெள்ளம். மச்சான் இரண்டு முறை இறங்கிப் பார்த்துத் திரும்பிவிட்டார். திங்கள் பகலும் இரவும் ஊசி இல்லாமல் கழிந்தன. செவ்வாய் காலை, வீடு வீடாக நீந்தியும் நடந்தும் நலம் விசாரித்து வந்த பிள்ளைகளில் ஒருவரிடம் லாத்தா சொல்லியிருக்கிறார். அவர் அரை மணி நேரத்தில் மருந்துடன் திரும்பி வந்தார். எங்கிருந்து? இரண்டு தெருக்களுக்கு அப்பால், அதே மருந்தைப் பயன்படுத்தும் ஒருவர் வீட்டில் பிரிக்காத குப்பி இரண்டு இருந்தன. திங்கள் காலையிலும் இருந்தன. அவருக்கு உம்மாவின் தேவை தெரியாது. உம்மாவுக்கு அவரிடம் இருப்பது தெரியாது.

"நீ அங்கே கவலைப்பட்டு என்ன வாப்பா ஆகப்போவுது? அந்தக் காக்காவுக்குத் தெரிஞ்சிருந்தா அன்னைக்கே வந்திருக்கும்" என்றார்கள் உம்மா. குறை சொல்லும் தொனி அதில் இல்லை. எனக்குத்தான் உறைத்தது. உம்மாவைப் பற்றிய செய்தி எனக்கு வரவேண்டும் என்று மட்டுமே எண்ணிக்கொண்டிருந்தேன். உம்மாவின் செய்தி போய்ச் சேரவேண்டிய இடம் நானல்லன். அண்டை வீட்டாரின் உரிமை பற்றி எத்தனையோ ஜும்ஆ பயான்களில் கேட்டிருக்கிறேன். அண்டை வீட்டார் உதவத் தயாராகவே இருந்தார்கள். தேவையை அவர்களிடம் எடுத்துச் செல்லத்தான் ஆள் இல்லை.

எனவே அந்த இரண்டு தெருக்களிலிருந்தே தொடங்கினோம். இரண்டாவது பெட்டி குப்பி தந்த காக்காவின் வீட்டு மாடிக்குப் போனது.

ஆனால் மச்சான் தயங்கினார். "நம்ம வீட்டு மாடியில ஒயர்லெஸ் கம்பி நிக்குதுன்னு நாளைக்கு யாராவது சொன்னா, போய் விளக்கம் சொல்றது யாரு?" என்று கேட்டார். இந்தப் பக்கத்தைப் படிக்கும் பல குடும்பங்களுக்கு அந்த அச்சத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அதை எளிதாகத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. மறைத்துச் செய்வதுதான் சந்தேகத்தை வளர்க்கும் என்று முடிவு செய்தோம். ஒரு பக்கத்தில் தமிழில் எழுதினேன்: இது என்ன கருவி, எந்த அலைவரிசை, எவ்வளவு சக்தி, எந்தெந்த வீடுகளில் இருக்கிறது, யாரைக் கேட்கலாம். ஒரு நகலைப் பெட்டியின் மீதே ஒட்டினோம். ஒன்றைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் கொடுத்தோம். ஒன்றைக் காவல் நிலையத்தில் நானே நேரில் சென்று கொடுத்தேன். அங்கிருந்த அதிகாரி நிதானமாகப் படித்தார். கரண்ட் இல்லாமல் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டார். வெயிலே இல்லாவிட்டாலும் சில நாட்கள் ஓடும் என்றேன். பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்திட்டுத் தந்தார். அந்தத் தாளை மச்சான் தம் வீட்டுப் பத்திரங்களோடு வைத்திருக்கிறார்.

உயரம்தான் இந்த அலைக்கு உயிர். எங்கள் ஊர் சமதளம். தென்னைகளும் மாடி வீடுகளும் அலையை மறைக்கும். மழையில் நனைந்த மட்டைகள் இன்னும் அதிகமாக உறிஞ்சும். பள்ளிவாசல் மினாராவில் ஒன்று வைத்தால் ஊர் முழுவதும் எட்டும் என்று நிர்வாகத்தாரிடம் கேட்டோம். "முதலில் வீடுகளில் ஒரு மழைக்காலம் ஓடட்டும், பிறகு பேசலாம்" என்றார்கள். நியாயமான பதில்.

வலையில் சேர்ந்த வீடுகளுக்குச் சிலவற்றைச் சொல்லிக்கொடுத்தோம். ஆன்டெனா பொருத்தாமல் பெட்டியை இயக்கக் கூடாது. வெளியேற வழியின்றித் திரும்பும் சக்தி பெட்டியையே பழுதாக்கிவிடும். மென்பொருளுடன் வரும் பொதுச் சாவியை யாரும் அறிவர். ஆதலால் நமக்கென்று தனிச் சாவி அமைக்க வேண்டும். அப்போது அந்தச் சாவி இல்லாத பெட்டிகூட நம் செய்தியைப் படிக்க இயலாமலேயே அடுத்த பெட்டிக்குக் கடத்திவிடும். "பிறர் தந்த அமானத்தைப் பிரிக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கிற மாதிரி" என்று லாத்தா சொன்னார்; தொழில்நுட்ப விளக்கத்தைவிட அதுவே எல்லாருக்கும் புரிந்தது.

இன்னொன்று, சொற்சிக்கனம். ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட் இடம்தான் உண்டு. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். தமிழில் எழுத்து, புள்ளி, கால், கொம்பு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். ஆகவே நலம் விசாரித்துக் கடிதம் எழுத முடியாது. வீட்டின் பெயர், தேவை, அவ்வளவே. "இன்சுலின் வேண்டும்" என்று எழுத 52 பைட் போதும் என்று மருமகன் எண்ணிச் சொன்னான். அன்றைக்கு எங்களுக்குத் தேவைப்பட்டது அந்த 52 பைட்தான்.

இன்று ஐந்து வீடுகளில் பெட்டிகள் இருக்கின்றன. ஆறாவது ஒன்று இருந்தது. இணைப்பில் சிலிக்கான் பூசாமல் விட்டதால் கடற்காற்றின் உப்பு நான்கே மாதத்தில் செம்பில் பச்சைக் களிம்பு ஏற்றி அதை ஊமையாக்கிவிட்டது. அதை மீண்டும் செய்துகொண்டிருக்கிறோம். பெரிய வெள்ளம் எதையும் இந்த வலை இன்னும் சந்திக்கவில்லை. சந்திக்கும் நாளில் எந்தப் பெட்டி நிற்கும், எது விழும் என்று இப்போதே உறுதி கூற மாட்டேன். ஒட்டகத்தைக் கட்டுவது நம் வேலை. தவக்குல் அதன்பின் வருவது. கட்டும் கயிறு 8.2 சென்டிமீட்டர் செம்புக் கம்பியாகவும் இருக்கலாம்.

ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்கிறேன். கடலோரத்திலோ ஆற்றோரத்திலோ உங்கள் பெற்றோர் இருக்கிறார்கள் என்றால், வெளியூரிலிருக்கும் நீங்கள் எப்படித் தெரிந்துகொள்வீர்கள் என்று யோசிக்கும் முன், இரண்டு தெருக்களுக்கு அப்பால் இருப்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வார்கள் என்று யோசியுங்கள். பெட்டியும் ஆன்டெனாவும் செய்ய இயலாவிட்டால் பரவாயில்லை. உங்கள் உம்மா என்ன மருந்து எடுக்கிறார்கள் என்பது அந்தத் தெருவில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

போன வாரம் உம்மாவுடன் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோது மின்சாரம் போயிற்று. கைபேசியில் சார்ஜும் இல்லை; பேச்சு பாதியில் அறுந்தது. பழைய பதற்றம் ஒரு கணம் வந்து போனது. பத்து நிமிடம் கழித்து மச்சான் அழைத்தார். உம்மா மருமகனைத் தட்டச்சு செய்ய வைத்து, பெட்டி வழியாகக் காக்கா வீட்டுக்கு ஒரு செய்தி அனுப்பியிருக்கிறார்களாம்: அவர்கள் வீட்டில் மெழுகுவத்தி இருக்கிறதா, இங்கே நிறைய இருக்கிறது.

வல்ல அல்லாஹ் நம் ஊர்களையும் பெற்றோர்களையும் அண்டை வீட்டார்களையும் பாதுகாப்பானாக! ஆமீன்.